கைக்குழந்தையின் முதுகையும் பார்த்து எழுதுங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கிழக்கு மாகாணச் சுகாதார அதிகாரிகளுக்கும் கைக்குழந்தை வைத்திருக்கும் பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோளைத் தங்கள் பத்திரிகையின் ஊடாக முன்வைக்க விரும்புகிறேன். தடுப்பூசிக்காகக் கிளினிக்குக்குக் கொண்டுவரப்படும் ஒவ்வொரு குழந்தையையும் சட்டையைக் கழற்றிக் குப்புறக் கிடத்தி, முதுகை ஒரு தடவை பார்த்துவிட்டு, பார்த்ததைப் பிள்ளையின் சுகாதாரப் பதிவேட்டில் எழுதிவிட வேண்டும் என்பதே அது. இதற்குக் கருவி எதுவும் தேவையில்லை. ஒரு நிமிடத்துக்கு மேல் பிடிக்கவும் மாட்டாது. எனது மகனுக்கு முதலாவது வயது நிறையும் முன்னரே முள்ளந்தண்டு பக்கவாட்டில் வளைந்திருப்பது தெரியவந்தது. அதன் பின் நாங்கள் அறிந்துகொண்டவற்றில் பெரும்பகுதி எங்கள் ஊர்களில் பேசப்படாமலே இருப்பதால்தான் இதை எழுதுகிறேன்.

ஸ்கோலியோசிஸ் எனப்படும் இந்தப் பக்கவளைவு பதின்ம வயதுப் பெண்பிள்ளைகளுக்கு வருவது என்றே படித்தவர்கள்கூட எண்ணியிருக்கிறார்கள். அந்த வயதில் வருவதுதான் அதிகம் என்பது உண்மை. ஆனால் மூன்று வயதுக்கு முன் தொடங்கும் ஒரு வகை தனியாக உண்டு. அது ஆண்குழந்தைகளிடம் கூடுதலாகக் காணப்படுகிறது; நெஞ்சுப் பகுதியில், பெரும்பாலும் இடப்பக்கமாக வளைகிறது. குழந்தைக்கு நோவு இராது, காய்ச்சல் இராது, பால் குடிப்பதிலும் குறை இராது. அழுது காட்டாத நோயைத் தாய் எப்படி அறிவாள்? குப்புறக் கிடத்தும்போது முதுகின் ஒரு பக்கம் மேடாக இருப்பது, இரு விலாப்புறத்திலும் தோல் மடிப்பு ஒத்துவராமல் இருப்பது, ஒரு தோள் உயர்ந்திருப்பது, தலையின் பின்பக்கம் ஒரு புறமாகத் தட்டையாகியிருப்பது ஆகியவையே கண்ணுக்குத் தெரியும் அடையாளங்கள். எங்கள் வீட்டில் அதை முதலில் கண்டவர் பிள்ளையைக் கால்களில் போட்டு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிய பெத்தாதான். "இந்தப் பக்கம் கை ஏறி இறங்குது, ஒருக்கா காட்டுங்க" என்று அவர் சொன்னார். குழந்தையின் வெறும் முதுகை நாள்தோறும் தடவிப் பார்ப்பவர்கள் குளிப்பாட்டும் மூதாட்டிகளே ஆகையால், கிளினிக்கில் தாயிடம் கேட்கும் கேள்விகளோடு "குளிப்பாட்டுகிறவர் ஏதும் சொன்னாரா?" என்ற கேள்வியையும் சேர்த்துக்கொண்டால் நல்லது என்பது எனது எண்ணம்.

முள்ளந்தண்டு வளைந்திருக்கிறது என்றவுடன் பெற்றோர் இடிந்துபோக வேண்டியதில்லை. காரணம் இன்னதென்று உறுதிப்படாத, குழந்தைப் பருவத்தில் வருகின்ற வளைவுகளில் பெரும்பாலானவை தாமாகவே நிமிர்ந்துவிடுகின்றன. 1965இல் பிரித்தானியாவில் வெளியான ஓர் ஆய்வில் 100 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்தபோது 92 பேருக்குச் சிகிச்சையின்றியே நிமிர்ந்திருந்தது. ஆகவே "வளர வளரச் சரியாகிவிடும்" என்று வைத்தியர் சொன்னால் அதில் பொய் இல்லை. சிக்கல் எஞ்சிய எட்டுப் பேரில் இருக்கிறது. அவர்களுக்கு வளர வளர வளைவும் சேர்ந்து வளர்கிறது. விலாக் கூடு திருகிச் சுருங்குகிறது. உள்ளே விரிய வேண்டிய சுவாசப்பைக்கு இடம் போதாமல் போகிறது. சுவாசப்பையின் நுண்ணறைகள் பெருகுவது வாழ்வின் முதல் சில ஆண்டுகளில்தான் என்பதால் அந்த இழப்பைப் பிற்காலத்தில் ஈடுசெய்ய முடிவதில்லை. பாடசாலை வைத்திய பரிசோதனையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டால், முதலாம் ஆண்டுக்கு வரும் பிள்ளைக்கு அந்தக் காலம் ஏறக்குறைய முடிந்திருக்கும்.

அப்படியானால் நூறு பேரில் அந்த எட்டுப் பேர் யார் என்பதை முன்கூட்டியே அறிய வழி இருக்கிறதா? இருக்கிறது. லண்டன் நகரின் ஓரமாக ஸ்டான்மோரில் உள்ள றோயல் நஷனல் எலும்பியல் வைத்தியசாலையில் பணியாற்றிய மின் மேத்தா என்ற பெண் சத்திரசிகிச்சை நிபுணர் 1972இலேயே அந்த வழியை எழுதி வெளியிட்டார். நான் கணிதம் கற்பிப்பவன் என்பதால் இந்தப் பகுதி எனக்கு எளிதில் பிடிபட்டது; பத்தாம் தர மாணவனுக்கும் பிடிபடும். எக்ஸ்ரே படத்தில் வளைவின் உச்சியில் நிற்கும் முள்ளென்பைத் தேர்ந்து, அதன் தட்டையான விளிம்புக்குச் செங்குத்தாக ஒரு கோடு கீற வேண்டும். அதே முள்ளென்பில் இரு பக்கமும் பொருந்தியிருக்கும் விலா என்புகள் அந்தக் கோட்டுடன் அமைக்கும் கோணங்களை அளந்து, ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்க வேண்டும். வித்தியாசம் 20 பாகைக்குக் குறைவாயின் வளைவு நிமிரவே வாய்ப்பு அதிகம்; 20 பாகையைத் தாண்டினால் கூடிக்கொண்டு போகக்கூடும். வளைவு புடைத்திருக்கும் பக்கத்து விலா என்பின் தலை முள்ளென்பின் மேல் படிந்து தெரிந்தால், கோணத்தைப் பார்த்துக்கொண்டிருக்கவே வேண்டியதில்லை, அது கூடும் வளைவுதான். ஐயமான இடங்களில் ஏறக்குறைய மூன்று மாதங்களில் மீண்டும் ஒரு படம் எடுத்து ஒப்பிட வேண்டும். வளைவின் மொத்த அளவைச் சொல்லும் கொப் கோணம் எல்லா அறிக்கைகளிலும் எழுதப்படுகிறது. மேலும் கீழும் அதிகம் சரிந்த இரண்டு முள்ளென்புகளுக்கு இடையில் அளக்கப்படும் அது 10 பாகையைத் தாண்டினால்தான் ஸ்கோலியோசிஸ் என்கிறார்கள். ஆனால் அந்த எண் இன்றைய நிலையை மட்டுமே சொல்லும். நாளைய போக்கைச் சொல்லும் விலாக் கோணம் எங்களுக்குக் கிடைத்த முதலாவது அறிக்கையில் இருக்கவில்லை.

அந்த முதலாவது இடத்தில் எங்களுக்குச் சொல்லப்பட்டது, "சின்னப் பிள்ளைதானே, மறுகா பார்ப்பம்" என்பதே. எப்போது பார்ப்பது என்று திகதி போடப்படவில்லை. அங்கிருந்தவர்கள் அன்பாகவே நடந்துகொண்டார்கள்; வரிசையில் காத்திருந்த கூட்டத்தையும் நான் கண்டேன். இருந்தும் திகதி இல்லாத "மறுகா" ஒரு குழந்தையின் வளர்ச்சிக் காலத்தைத் தின்றுவிடும் என்பதை வலியுறுத்தியே ஆக வேண்டும். பிறக்கும்போது 50 செ.மீ. அளவில் இருக்கும் குழந்தை ஒரு வயதில் 75 செ.மீ. ஆகிறது. முதல் ஐந்து ஆண்டுகளில் முள்ளந்தண்டின் நெஞ்சுப் பகுதியும் இடுப்புப் பகுதியும் சேர்ந்து ஏறத்தாழ 10 செ.மீ. வளர்கின்றன, அதற்கடுத்த ஐந்து ஆண்டுகளில் அதன் பாதியளவே வளர்கின்றன. இந்த வேகமான வளர்ச்சியையே மருந்தாக்கலாம் என்பதுதான் மேத்தாவின் சிகிச்சை. குழந்தையை மயக்கி, ஒரு சட்டகத்தில் கிடத்தி, உடலை மெதுவாக நீட்டி, திருகலை விடுவித்து, அந்த நிலையிலேயே பிளாஸ்டர் கட்டுப் போட்டுவிடுவார்கள். அதற்குள்ளிருந்து பிள்ளை வளரும்போது அந்த வளர்ச்சி நேராகும் திசையில் செல்கிறது. கொழுகொம்பு கட்டிய பாகற்கொடி என்று எனது மனைவி சொல்வார்.

2005இல் மேத்தா 136 பிள்ளைகளின் விளைவுகளை வெளியிட்டார். நேரகாலத்தோடு வந்த 94 பேர் சராசரியாக ஒரு வயதும் ஏழு மாதமுமாக இருந்தபோது சிகிச்சை தொடங்கியவர்கள். அவர்களது வளைவு சராசரி 32 பாகை. மூன்றரை வயதளவில் அவர்களுடைய முள்ளந்தண்டு நிமிர்ந்தது. பின்னர் வேறு சிகிச்சை தேவைப்படவில்லை. தாமதமாக, இரண்டரை வயதளவில், சராசரி 52 பாகை வளைவுடன் வந்த 42 பேருக்கு வளைவைக் குறைக்க முடிந்ததேயொழிய இல்லாமற்செய்ய முடியவில்லை. அவர்களில் 15 பேருக்கு முள்ளென்புகளை இணைக்கும் சத்திரசிகிச்சை செய்ய நேர்ந்தது. இரு கூட்டத்தினருக்கும் இடையில் இருந்த வயது வித்தியாசம் பதினொரு மாதங்கள்தான். ஒரு கிளினிக் திகதியும் அடுத்த கிளினிக் திகதியும் தவறினால் எங்கள் பகுதியில் அந்தப் பதினொரு மாதம் போவது பெரிய காரியமல்ல.

வளைவு என்று கண்டவுடன் நேரே கட்டுப் போட்டுவிடவும் மாட்டார்கள் என்பதைப் பெற்றோர் அறிந்திருக்க வேண்டும். முள்ளென்புகளே பிறப்பில் அரைகுறையாக உருவாகியிருந்தால் அது வேறு வகை. அத்தகைய குழந்தைகளுக்குச் சிறுநீரகத்திலும் இருதயத்திலும் குறை இருக்கக்கூடும் என்பதால் ஸ்கான், எக்கோ பரிசோதனைகள் செய்யப்படும். முள்ளந்தண்டு நரம்புக்குள் ஏதும் கோளாறு ஒளிந்திருக்கிறதா என்று அறிய எம்.ஆர்.ஐ. தேவை, வளைவு 20 பாகைக்கு மேற்பட்ட குழந்தைகளில் ஏறக்குறைய ஐவரில் ஒருவருக்கு அப்படி ஏதேனும் காணப்படுகிறது. எங்கள் மகனுக்கு இவை எதுவும் இருக்கவில்லை. ஒவ்வொரு பரிசோதனைக்கும் தனித்தனியாகத் திகதி எடுத்து, தனித்தனியாகப் பயணம் செய்ததுதான் மிச்சம்.

கட்டுப் போட்ட பிள்ளையை வளர்ப்பது எப்படி என்று எங்களுக்குச் சொல்ல ஊரில் எவரும் இருக்கவில்லை. அதனால் இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். கட்டு தோளுக்குக் கீழிருந்து இடுப்பு வரை இருக்கும். சில பிள்ளைகளுக்குத் தோளையும் சேர்த்துப் போடுவார்கள். வயிறு உப்பி இறங்குவதற்காக முன்புறத்தில் ஒரு வாசல் வெட்டியிருப்பார்கள். இரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு ஏறக்குறைய இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கழற்றிப் புதிதாகப் போட வேண்டும். ஒவ்வொரு முறையும் மயக்க மருந்து. இடையில் குளிப்பாட்ட முடியாது. ஈரத் துணியால் கை, கால், முகம், கழுத்து ஆகியவற்றைத் துடைக்கலாம். முதல் சில நாட்களில் பிள்ளை சமநிலை தவறிக் கவிழ்ந்தான். அதன் பின் கட்டு இல்லாத பிள்ளையைப் போலவே தவழ்ந்தான். சோற்றை ஒரே தடவையில் வயிறு நிறைய ஊட்டினால் மூச்சு முட்டுகிறது. கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை ஊட்ட வேண்டும். ஊட்டும்போது கழுத்தோரத்தில் ஒரு கைக்குட்டையைச் செருகாவிட்டால் சோற்றுப் பருக்கை உள்ளே விழுந்து இரண்டாம் நாளே நாறத் தொடங்கும். பம்பஸின் மேல்விளிம்பைக் கட்டுக்குள் தள்ளிவிட்டு, அதன் மேல் அளவு பெரிய இன்னொன்றைக் கட்டுவதை ஒரு தாதி காட்டித் தந்தார். அவருக்கு நாங்கள் என்றும் கடமைப்பட்டவர்கள்.

இவை எங்கும் உள்ள பிள்ளைகளுக்குப் பொதுவானவை. கரையோரத்தில் இருக்கும் எங்களுக்கு மணலும் கச்சான் காற்றும் தனிப் பிரச்சினை. முற்றமே மணலாக இருக்கும் வீட்டில் தவழும் பிள்ளையைத் தரையில் விடாமல் வைத்திருப்பது நடக்கிற காரியமா? இடுப்புப் பக்கத்தால் உள்ளே போன மணல் தோலை அராவிச் சிவக்கவைத்தது. ஓலைப் பாயை விரித்து, அதன் மேல் பெட்ஷீற் போட்டு, அதற்குள்ளே விளையாட விட்டோம். அவன் அதைத் தாண்டிப் போனான் என்பது வேறு கதை. கச்சான் வீசும் ஆனி, ஆடி மாதங்களில் உடல் வியர்த்து உள்ளே ஈரம் தேங்காமல், பகலில் மின்விசிறிக்கு முன்னே படுக்கவைத்து, கழுத்துப் பக்கத்தால் காற்றை உள்ளே விட வேண்டியிருந்தது. அரிக்கிறது என்று ஈர்க்கு, பின்னல் ஊசி போன்றவற்றை உள்ளே விடக் கூடாது. தோல் கிழிந்தால் கட்டுக்குள் புண்ணாகும். கெட்ட நாற்றம், காய்ச்சல், விரல்கள் நீலம் பாரித்தல், தொடர்ந்து வாந்தி ஆகியவற்றில் எது வந்தாலும் கிளினிக் திகதி வரும்வரை காத்திருக்காமல் உடனே அருகிலுள்ள ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

ஊர்வாய் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கிரகணத்தன்று மரக்கறி வெட்டினாயா என்றும், ஏணையில் ஒரே பக்கமாகப் போட்டாயா என்றும், இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்தாயா என்றும் எனது மனைவியைக் கேட்காதவர்கள் குறைவு. என்னை ஒருவரும் எதுவும் கேட்கவில்லை. இவற்றால் இந்த நோய் வந்தது என்று எந்த வைத்தியரும் எங்களுக்குச் சொல்லவில்லை. வளைவை நிமிர்த்துவதற்காக எண்ணெய் போட்டு அழுத்தி உருவுவதும், காலைப் பிடித்து இழுப்பதும் வேண்டாம். மென்மையாக எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவதால் தீங்கில்லை, அதனால் வளைவு நிமிரப்போவதும் இல்லை. தூங்கும்போது மல்லாக்கக் கிடத்துங்கள். விழித்திருக்கும்போது பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கக் குப்புறக் கிடத்தி விளையாட விடுங்கள். முதுகைப் பார்க்கவும் அதுவே நல்ல நேரம்.

இனி அதிகாரிகளுக்கு. இரண்டு, நான்கு, ஆறு, ஒன்பது, பன்னிரண்டு, பதினெட்டு மாதங்களில் எங்கள் நாட்டுக் குழந்தைகள் தவறாமல் தடுப்பூசிக்கு வருகிறார்கள். வீடு தேடிச் சென்று பிள்ளையை நிறுத்துப் பார்க்கும் குடும்பநல உத்தியோகத்தர்கள் எங்கள் பட்டிதொட்டி எங்கும் இருக்கிறார்கள். இவ்வளவு கட்டமைப்பு உள்ள நாட்டில் முதுகைப் பார்ப்பதற்குப் புதிய திட்டம் எதுவும் வேண்டியதில்லை. ஒரு சுற்றறிக்கையும் அரை நாள் பயிற்சியும் போதும். ஐயம் தோன்றும் குழந்தைக்கு எக்ஸ்ரே எடுத்து, கொப் கோணத்துடன் விலாக் கோண வித்தியாசத்தையும் அளந்து எழுதி, அடுத்த திகதியையும் குறிப்பிட்டே வீட்டுக்கு அனுப்ப வேண்டும்.

மயக்க மருந்து, சட்டகம், பயிற்சி பெற்ற குழு எல்லாம் வேண்டிய சிகிச்சையை ஒவ்வொரு ஆதார வைத்தியசாலையிலும் செய்ய முடியாது என்பதை விளங்கிக்கொள்கிறேன். எங்களைக் கொழும்புக்கே அனுப்பினார்கள். அக்கரைப்பற்றிலிருந்து இரவுப் பஸ்ஸில், கட்டுப் போட்ட பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு விடியும்வரை போவது இலேசான பயணமல்ல. நாட்கூலிக்குப் போகும் தகப்பனுக்கு அது பல நாள் உழைப்பு. ஆனால் இடைப்பட்ட காலத்தில் கட்டைப் பரிசோதிப்பதையும், எக்ஸ்ரே எடுத்து ஒப்பிடுவதையும், கட்டுக் காலம் முடிந்தபின் அணியும் பிறேஸ் எனப்படும் கழற்றி மாட்டக்கூடிய தாங்கியைச் சரிபார்ப்பதையும் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையிலோ கல்முனையிலோ செய்யலாமல்லவா? கொழும்பிலிருந்து சிறுவர் என்பியல் நிபுணர் ஒருவர் குறித்த தவணையில் வந்து பார்க்கும் கிளினிக் ஒன்று அமைந்தால், பொத்துவில் தொடக்கம் வாகரை வரையுள்ள தமிழ், முஸ்லிம் கிராமங்களின் பிள்ளைகளுக்கு அது பயன்படும்.

மொழி பற்றியும் சொல்லாமல் விட முடியாது. மயக்க மருந்து கொடுக்குமுன் தாய்ப்பால் என்றால் நான்கு மணித்தியாலமும், மாப்பாலோ திண்ம உணவோ என்றால் ஆறு மணித்தியாலமும் நிறுத்தியிருக்க வேண்டும். எங்களுக்கு அது சிங்களத்தில் எழுதிய துண்டொன்றில் தரப்பட்டது. பக்கத்துக் கட்டிலில் இருந்த மூதூர்த் தாய் ஒருவர் அதை வாசிக்க இயலாமல் விடியற்காலையில் பிள்ளைக்குப் பிஸ்கட் கொடுத்துவிட்டதால் அன்றைய சிகிச்சை தள்ளிப்போடப்பட்டது. அவர் பிள்ளையோடு திரும்பிப் போனார். 1987ஆம் ஆண்டிலேயே அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தின் மூலம் தமிழும் அரச கரும மொழியாக்கப்பட்ட நாட்டில், அந்த அரைப் பக்கத்தை இரு மொழியிலும் அச்சிடுவது கடினமல்ல.

இப்போது திகதிக்குக் காத்திருக்கும் பெற்றோருக்கு ஒரு சொல். எடுத்த எல்லா எக்ஸ்ரே படங்களையும் ஒரே உறையில் திகதி வரிசைப்படி வையுங்கள். தொலைபேசியிலும் படம்பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றின் மேலும் அது படுக்கவைத்து எடுத்ததா, இருத்தி எடுத்ததா, நிறுத்தி எடுத்ததா என்று எழுதிவையுங்கள். படுத்திருக்கும்போது முதுகில் பாரம் இல்லாததால் கோணம் குறைவாகவே தெரியும். படுத்த படத்தை நின்ற படத்தோடு ஒப்பிட்டால் கூடாத வளைவு கூடியதுபோலத் தோன்றும். பழைய படம் கைவசம் இருந்தால், அது இல்லை என்பதற்காகப் பிள்ளையை இன்னொரு தடவை கதிருக்கு உட்படுத்த வேண்டியும் வராது.

இங்ஙனம்,
கணித ஆசிரியர் ஒருவர்,
திருக்கோவில், அம்பாறை மாவட்டம்.